ரெஃப்யூஸ் என்பதை ஸ்பானிஷில் எழுத, முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கம் தோல், ஷூ ஏற்றுமதி ஆபீஸ்களில் ஸ்பெயின் பார்ட்டிக்கு மெயில் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதி மெஷினில் போட்டு ஸ்பானிஷாக்கி அனுப்பினால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். ரெஃப்யூஸ் (refuse) என்ற சொல் வந்தால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த ஒரு சொல்லின் வேலையை ஸ்பானிஷில் நாலைந்து வினைச்சொற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. தப்பானது விழுந்தால், பணம் கட்ட மாட்டேன் என்றாரா சரக்கு வேண்டாம் என்றாரா என்பதே குழம்பிப்போகும்.

ஆங்கிலச் சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, நடந்ததை நம் வாயில் வருகிற தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘மறுத்தார்’ என்று சொன்னால் உதவாது, அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடும். அவர் ‘மாட்டேன்’ என்றாரா, ‘வேண்டாம்’ என்றாரா, ‘கிடையாது’ என்றாரா, இல்லை ‘அப்படி நடக்கவே இல்லை’ என்றாரா?

மாட்டேன் என்றால் நெகார்சே. பின்னால் ‘ஆ’ போட்டு வினையின் மூல வடிவத்தைச் சேர்க்க வேண்டும்: ‘எல் க்ளியென்தே செ நெகோ ஆ பகார்’, வாடிக்கையாளர் பணம் கட்ட மாட்டேன் என்றுவிட்டார். நிகழ்காலத்தில் ‘செ நியேகா’ என்று மாறும், ‘நாங்கள்’ வரும்போது ‘நொஸ் நெகாமோஸ்’ என்று பழையபடி நிற்கும். பேச்சில் ‘நோ கிசோ பகார்’ என்றாலும் இதே பொருள்தான். ஆனால் ‘நோ கெரியா பகார்’ என்றால் கட்ட மனசில்லாமல் இருந்தார் என்று மட்டுமே அர்த்தம், கடைசியில் கட்டியும் இருக்கலாம்.

வேண்டாம் என்றால் ரெச்சாசார். நாம் ரிஜெக்ட் என்கிறோமே, அது. வெட் ப்ளூ (குரோம் பதனிட்ட ஈரத் தோல்) லாட்டில் கிரெய்ன் பக்கம், அதாவது தோலின் மேல்பக்கம், கீறல் இருக்கிறது என்று திருப்பினால் ‘எல் க்ளியென்தே ரெச்சாசோ எல் லோத்தே’. இங்கே ‘ஆ’ வராது. டைப் செய்யும்போது கடைசி ஓ மேல் உள்ள அசென்ட் குறியை விட்டுவிடாதீர்கள், விட்டால் ‘நான் நிராகரிக்கிறேன்’ என்று ஆகிவிடும், பார்ட்டி செய்ததை நீங்கள் செய்ததாக எழுதியிருப்பீர்கள்.

கிடையாது என்று அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் தெநெகார். விசா கிடைக்கவில்லை என்றால் ஸ்பெயினில் ‘விசாதோ தெநெகாதோ’.

நடக்கவே இல்லை என்பது நெகார், ‘செ’ இல்லாமல். சச்சரவு வந்த மெயிலில் இந்த ஒரு ‘செ’தான் மிக முக்கியம். ‘நெகோ எல் எர்ரோர்’ என்றால் தப்பே நடக்கவில்லை என்று சாதித்தார். ‘செ நெகோ ஆ கொர்ரெகீர்லோ’ என்றால் அதைத் திருத்தித் தர மாட்டேன் என்றார். தப்பு நடந்ததா என்பதைப் பற்றி இதில் பேச்சே இல்லை.

ரெஉசார் என்றும் ஒன்று உண்டு, கொஞ்சம் புத்தக வாடை. ஸ்பெயினில் ‘ஆ’ இல்லாமல் ‘ரெஉசார் ஃபிர்மார்’, லத்தீன் அமெரிக்காவில் ‘ரெஉசார்சே ஆ ஃபிர்மார்’ என்பதும் சகஜம்.

அப்புறம், டேனரிக் கழிவு பற்றிய பேப்பரிலும் அதே எழுத்துக்கூட்டலில் ரெஃப்யூஸ் என்ற ஆங்கிலச் சொல் வரும். அது பெயர்ச்சொல், ‘குப்பை, கழிவு’ என்று பொருள். அங்கே ‘ரெசிதுவோஸ்’ என்று போடுங்கள். பாலாற்றுப் பக்கம் இந்த மாதிரிப் பேப்பருக்குக் குறைவில்லை, மெஷின் ‘மறுப்பு’ என்று போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

நீங்களே ஆர்டரை ஏற்க முடியாத நிலை என்றால் மேலே சொன்ன எந்த வினையையும் தொடாதீர்கள், எல்லாமே முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ‘லமென்தாமோஸ் நோ போதேர் அசெப்தார் எல் பெதிதோ’, ஆர்டரை ஏற்க முடியாததற்கு வருந்துகிறோம் என்று எழுதி, காரணத்தை ஒரு வரியில் சொல்லி, எந்தத் தேதிக்குத் தர முடியும் என்பதையும் கூடவே போட்டுவிடுங்கள்.