மூன்று சக்கர மோட்டார்சைக்கிளில் பிரேக் காற்று எடுப்பது எப்படி?

சென்ற டுரியான் பருவத்தில் என் மாமா பினாங்குத் தீவின் பாலிக் பூலாவிலிருந்து ஒரு கூடைப் பழத்துடன் துன் சார்டோன் மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தார். சிறுவயதிலிருந்தே அவருக்கு வலது காலில் பலம் குறைவு. அதனால் பின்னால் இரண்டு சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்தான் அவருடைய வாகனம். பாதி இறக்கத்தில் இடது கைப் பிரேக் பிடி, பஞ்சை அழுத்தியதுபோல் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. முன் பிரேக்கை வைத்தே எப்படியோ ஓரம் கட்டிவிட்டார். தொலைபேசியில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லையடா!"

அரை மணி நேரம் ஆறவிட்டபின் பிரேக் ஓரளவு திரும்பி வந்ததாம். நோய் என்னவென்று அதிலேயே தெரிந்துவிட்டது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். பினாங்கின் கடற்காற்றையும் மழையையும் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் சக்கரத் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் சூடேறி, எண்ணெய் கொதித்து, ஆவிக் குமிழிகள் உண்டாகும். எண்ணெயை நசுக்க முடியாது. ஆவியை நசுக்கலாம். கையின் வலு முழுவதும் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும்.

ஆகவே முதலில் உங்கள் பிடியின் குணத்தைக் கவனியுங்கள். சூட்டில் மட்டும் மெத்தென்று ஆனால் எண்ணெய் பழையது. எப்போதும் மெத்தென்றிருந்து, நாலைந்து முறை அழுத்தினால் இறுகுகிறதென்றால் குழாயில் காற்று இருக்கலாம். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் (பிடியை அழுத்தும்போது எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும் உருளை) உள் ரப்பர் தேய்ந்துவிட்டது. இந்த மூன்றாவதற்குக் காற்று எடுப்பது மருந்தாகாது, பட்டறைக்குத்தான் போக வேண்டும். கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார்சைக்கிளை மாற்றிச் செய்த சில மூன்று சக்கர வண்டிகளில் பின்னால் கம்பியில் இயங்கும் டிரம் பிரேக்தான் இருக்கும். அதில் எண்ணெயே கிடையாது, கம்பியின் தளர்ச்சியைச் சரிசெய்தால் போதும்.

தேவையானவை: வண்டிக்குரிய பிரேக் எண்ணெய், முத்திரை உடைக்காத அரை லிட்டர் புட்டி ஒன்று. நிப்பிளுக்கு (காலிப்பரிலிருந்து காற்றையும் எண்ணெயையும் வெளியே விடும் சிறு திருகு) ஏற்ற வளைய ஸ்பேனர், பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீட்டர். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் மெல்லிய குழாய். ஒரு காலிப் புட்டி, பழைய துணி, ஒரு வாளித் தண்ணீர். உதவிக்கு ஓர் ஆள், சொன்னதை மட்டும் செய்கிறவராக இருந்தால் நல்லது. விலை கூடிய உறிஞ்சு பம்புகளைத் தொடக்கத்திலேயே வாங்காதீர்கள்.

பேச்சுவழக்கில்தான் அது எண்ணெய். இன்ஜின் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளி உள்ளே போனாலும் ரப்பர்கள் உப்பிக் கெட்டுவிடும். வண்டியின் எண்ணெய்க் கிண்ண மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. டாட் 4, டாட் 5.1 இரண்டோடும் அதைக் கலக்கக் கூடாது. பெயர் ஒத்திருப்பதால் கடையில் ஏமாந்துவிட வேண்டாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு இருபுறமும் செங்கல் வையுங்கள். எண்ணெய்க் கிண்ணத்தின் மட்டம் சரியாக நிற்கும்படி கைப்பிடியைத் திருப்பி, சுற்றிலும் துணி போர்த்துங்கள். துளி சிந்தினால் பெயின்ட் உரிந்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மூடியின் திருகுகள் இறுகியிருந்தால் ஸ்குருடிரைவரை வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். பழைய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் புதியதை மேல்கோடு வரை ஊற்றுங்கள்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் வழியில் எந்தச் சக்கரம் தொலைவோ, அதில் தொடங்குவதே வழக்கம். வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள். நிப்பிளின் ரப்பர் மூடியைக் கழற்றி, முதலில் ஸ்பேனரை மாட்டி, பிறகு குழாயைச் செருகுங்கள். வரிசை மாறினால் எல்லாவற்றையும் கழற்றி மீண்டும் மாட்ட வேண்டியிருக்கும். குழாயின் மறுமுனை, சிறிது புது எண்ணெய் ஊற்றிய புட்டியில் மூழ்கியிருக்கட்டும்.

இனி உதவியாளரின் வேலை. மூன்று நான்கு முறை மெதுவாக அழுத்திவிட்டு, இறுகப் பிடித்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள். எண்ணெய் வெளியேறும், பிடி தாழும். நீங்கள் நிப்பிளை மூடும் வரை அவர் பிடியை விடக் கூடாது. விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். "பிடித்திரு", "விடு" என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் தங்கை முதல் நாள் "விடவா?" என்று கேட்டுக்கொண்டே விட்டுவிட்டாள். ஐந்து முறைக்கு ஒரு தடவை கிண்ணத்தைப் பார்த்து நிரப்புங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் எல்லாம் முதலிலிருந்து. குமிழி நின்று, தேநீர் நிறம் மாறித் தெளிவான எண்ணெய் வந்ததும் அடுத்த சக்கரத்துக்குப் போகலாம். நிப்பிள் உள்ளே துளையுள்ளது. வீரத்தைக் காட்டினால் முறிந்துவிடும்.

மாமாவின் வண்டியில் இவ்வளவும் செய்தபின்னும் பிடி மெத்தென்றே இருந்தது. ஒரு மாலை முழுவதும் வீணான பிறகுதான் கண்ணில் பட்டது: மாற்றிப் பொருத்தியவர்கள் இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கமும் வலப்பக்கத்ததை இடப்பக்கமும் போட்டிருந்தார்கள். அதனால் நிப்பிள் அடியில் இருந்தது. காற்று மேலேதான் ஏறும், அடியில் திறந்து என்ன பயன்? காலிப்பரைத் தாங்கியிலிருந்து கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி தூக்கிப் பிடித்து, பிஸ்டன் வெளியே வந்துவிடாமல், தகட்டில் உராயும் பேடுகளுக்கு நடுவே பலகைத் துண்டு ஒன்றைச் செருகி மீண்டும் எடுத்தோம். சோடா திறந்ததுபோல் குமிழிகள் வந்தன. மாற்றி அமைத்த வண்டிகளில் இதை முதலிலேயே பாருங்கள். பின் அச்சில் குழாய் இரண்டாகப் பிரியும் இடம் காலிப்பரைவிட உயரமாக இருந்தால் அங்கும் காற்று தங்கும். வண்டியின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ, காலிப்பரைப் பிளாஸ்டிக் பிடியால் தட்டியோ பாருங்கள்.

கடைசிக் காற்றுக்கு, பிடியைக் கயிற்றால் கட்டி இரவு முழுவதும் விடுவது பழைய உத்தி. மாஸ்டர் சிலிண்டர் கைப்பிடியில் இருந்தால் நன்றாகவே பலிக்கும். மிதியருகே தாழ்வாக இருந்தால் அவ்வளவு நம்ப வேண்டாம்.

சாலைக்குப் போகுமுன் பிடியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துக் கசிவைப் பாருங்கள். பிறகு வெறிச்சோடிய வாகன நிறுத்துமிடத்தில் நடை வேகத்தில் பிரேக் போடுங்கள். மூன்று சக்கர வண்டி இரு சக்கர வண்டிபோல் சாய்ந்து கொடுக்காது. பின் சக்கரம் ஒன்று மற்றதைவிட அதிகமாகப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். அப்படி இழுத்தால் இழுக்காத பக்கத்தில் காற்றோ இறுகிய பிஸ்டனோ எண்ணெய் பட்ட பேடோ இருக்கலாம்.

பேடின் உராயும் பகுதி 2 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள், இரு பக்கமும் சேர்த்தே. புதுப் பேடுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது கிண்ணம் வழியும், முன்கூட்டியே கொஞ்சம் எடுத்துவிடுங்கள். நிப்பிளின் ரப்பர் மூடி தொலைந்தால் உப்புக்காற்றில் துருவேறிவிடும். எடுத்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் தனிப் புட்டியில் கொடுங்கள்.

எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதே வழக்கம். மாமாவுக்கு நான் ஓராண்டு என்று சொல்லியிருக்கிறேன். அவர் இருக்கைக்கு அடியில் ஒட்டிய தாளில் தேதி போடவில்லை, "அடுத்த டுரியானுக்கு முன்" என்று எழுதி வைத்திருக்கிறார்.