லண்டனின் பழைய செங்கல் வீட்டின் காலத்தை முகப்பைக் கொண்டு கணிப்பது எப்படி?

பக்கச்சுவர்களைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் பழைய லண்டன் வீடுகளில் வாசற்கதவே முதலில் கண்ணைக் கவரும். ஆனால் கதவை எந்தத் தலைமுறையும் மாற்றியிருக்கலாம் என்பதால், ஆய்வைச் சாளரங்களிலிருந்து தொடங்குவதே நல்லது.

1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு, நகரில் புறச்சுவர்களைச் செங்கல்லாலோ கல்லாலோ எழுப்ப வேண்டும் என்று 1667இல் சட்டம் வந்தது. அப்போதும் சாளரங்களின் மரச்சட்டகங்கள் சுவரின் வெளிமுகத்தை ஒட்டியே இருந்ததால், அவற்றில் தீ எளிதில் பற்றும் அபாயம் நீங்கவில்லை. தீ பரவுவதைக் குறைக்க, 1707ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் கூரையோரத்து மர வேலைப்பாட்டைத் தடைசெய்தது. 1709ஆம் ஆண்டுச் சட்டம் சட்டகங்களை நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னது. 1774ஆம் ஆண்டுச் சட்டம், சாளரத்தை ஏற்றி இறக்க உதவும் எடைகள் அடங்கிய சட்டகப் பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் செய்தது. எனவே சட்டகம் வெளிமுகத்தோடு சமமாக நின்றால் வீடு 1709க்கு முந்தியதாகவும், உள்ளே தள்ளியிருந்தும் அகலமான மரப்பெட்டி தெரிந்தால் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்ததாகவும், மெல்லிய மர விளிம்பு மட்டும் தெரிந்தால் 1774க்குப் பிந்தியதாகவும் இருக்க வாய்ப்புண்டு. இந்த விதிகள் எல்லா இடங்களிலும் உடனே பின்பற்றப்படவில்லை. ஆதலால் இந்த ஒரு சான்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

அடைக்கப்பட்ட சாளரத்தைக் கண்டவுடன் 1696 முதல் 1851 வரை நடைமுறையில் இருந்த, சாளரங்களின் எண்ணிக்கையைப் பொறுத்த சாளர வரியே காரணம் என்று சொல்லிவிடுவது பரவலான பழக்கம். ஆனால் நிரப்பிய செங்கற்கள் சுற்றுச்சுவரோடு வரிசை பிசகாமல் கோத்திருந்தால், முகப்பின் சமச்சீருக்காகத் தொடக்கத்திலேயே பொய்ச்சாளரமாகக் கட்டியிருக்கக்கூடும்.

அடுத்து, செங்கல் அடுக்கிய முறையைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் கல்லின் நீளப்பக்கமும் தலைப்பக்கமும் மாறி மாறி வந்தால் அது பிளெமிஷ் கட்டு. இந்த அழகை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் அதைக் கண்டு சுவர் உறுதியானது என்று முழுமையாக நம்புவதற்கில்லை. பல வீடுகளில் விலையுயர்ந்த முகப்புக்கற்களை மிச்சப்படுத்த, தலைப்பக்கம் தெரியும் கற்களைப் பாதியாக உடைத்து வைத்தார்கள். அதனால் அரைக்கல் கனமுள்ள வெளியடுக்குக்கும் பின்னாலுள்ள மலிவான கட்டுக்கும் இடையே பிணைப்பு குறைந்தது. சுவரை ஒட்டி நின்று அதன் நீளவாக்கில் பார்த்தால், வெளியடுக்கு எங்கேனும் புடைத்திருப்பது புலப்படும். சுவரில் தெரியும் இரும்புத் தகடுகள், அந்தச் சுவரைப் பின்னர் கம்பியால் இழுத்துக் கட்டியிருப்பதைக் காட்டும். பழைய வீட்டுக்குப் புதிய முகப்பு வைப்பதும் வழக்கமாக இருந்ததால், இயன்றால் பின்சுவரையும் புகைபோக்கியையும் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாகச் சாந்து. போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டதே 1824இல்தான் என்பதால், 18ஆம் நூற்றாண்டு வீட்டின் இணைப்புகளில் கடினமான சாம்பல்நிறப் பூச்சு இருந்தால் அது பிற்காலப் பழுதுவேலையாகும். மென்மையான சுண்ணாம்புச் சாந்தின் வழியே வெளியேற வேண்டிய ஈரத்தைச் சிமெண்ட் தடுப்பதால், அது செங்கல்லுக்குள்ளேயே தங்கி, உறைபனியில் கல்லின் முகத்தை உதிரச் செய்கிறது. பூச்சு துருத்திக்கொண்டும் கற்கள் உள்ளே தேய்ந்தும் இருந்தால் சேதம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அந்தச் சிமெண்ட் பூச்சைச் சுழலும் மின் அறுப்பானால் (கிரைண்டர்) அறுத்தெடுத்தால் கற்களின் விளிம்பும் சேர்ந்து போய்விடும். பழைய சுவர்களில் பழகிய கொத்தனாரைக் கொண்டு கைக்கருவியால் மெல்ல நீக்கி, சுண்ணாம்புச் சாந்தாலேயே நிரப்ப வேண்டும்.