'கெட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தடுமாறாமல் பயன்படுத்துவது எப்படி?

ஆங்கிலத்தில் 'கெட்' வராத உரையாடலைக் காண்பது அரிது. அகராதியைத் திறந்தால் இந்த ஒரு சொல்லுக்குப் பொருள் வரிசை நீண்டுகொண்டே போகும். பெறு, வாங்கு, ஆகு, போய்ச் சேர், கொண்டு வா, புரிந்துகொள் என அத்தனையையும் உட்கார்ந்து மனப்பாடம் செய்வது வீண் வேலை. 'கெட்' தனியாக நின்று எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. அதற்கு அடுத்து வருவது என்ன என்று பாருங்கள், பொருள் அங்கேதான் இருக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு வழியைப் பழகுவதற்காகத்தான்.

படி 1: ஒலியும் வடிவமும்

முதல் எழுத்தை 'தங்கம்' என்பதில் வரும் 'க' போல மென்மையாக ஒலிக்க வேண்டும். 'கெட்டுப்போனது' என்பதில் வரும் 'கெ' போல அழுத்தினால் அது வேறு ஒலி. இறந்த காலம் 'காட்'. இதன் முடிவு 'பாட்டு' என்பதில் உள்ளதுபோல வல்லொலி. 'பாடு' என்பதுபோல மெலிந்தால் கேட்பவருக்குக் கடவுளைக் குறிக்கும் சொல்லாகப் படும்.

மூன்றாம் வடிவம் (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) பிரிட்டனில் 'காட்', அமெரிக்காவில் பெரும்பாலும் 'காட்டன்'. ஆனால் 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்ல அமெரிக்கர்களும் 'ஐ ஹாவ் காட் எ கார்' என்றுதான் சொல்வார்கள். 'ஐ ஹாவ் காட்டன் எ கார்' என்றால் கார் கிடைத்துவிட்டது அல்லது வாங்கிவிட்டேன் என்று பொருள். 'கெட்டிங்' என்று எழுதும்போது 'டி' (t) எழுத்து இரண்டு முறை வர வேண்டும்.

படி 2: அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால்

அந்தப் பொருள் உங்கள் கைக்கு வந்தது என்று கொள்ளுங்கள். எப்படி வந்தது என்பதைச் சூழல் சொல்லும். 'ஐ காட் யுவர் மெசேஜ்' என்றால் வந்து சேர்ந்தது. 'ஐ காட் திஸ் ஷர்ட் இன் டி நகர்' என்றால் வாங்கினேன். 'ஐ காட் எ கோல்ட்' என்றால் சளி பிடித்தது.

ஆள், பொருள் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் 'கொண்டு வந்து கொடு' என்று பொருள்: 'கேன் யூ கெட் மீ சம் வாட்டர்?' இதைத் திருப்பிப் போட்டால் 'கெட் சம் வாட்டர் ஃபார் மீ' என்று வரும். 'எனக்கு' என்பதை நினைத்து 'டு மீ' போடுவது நம்மவர்களிடம் அடிக்கடி வரும் பிழை. இங்கே 'ஃபார்' தான் சரி.

படி 3: அடுத்து ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால்

டயர்ட், ஆங்ரி, வெட், லேட், ஓல்ட் போன்றவை வந்தால் 'ஆகு' என்று பொருள். 'ஐ ஆம் டயர்ட்' என்பது இப்போதைய நிலை, களைப்பாக இருக்கிறேன். 'ஐ ஆம் கெட்டிங் டயர்ட்' என்பது மாற்றம், களைப்பு வந்துகொண்டிருக்கிறது. 'இட்ஸ் கெட்டிங் லேட்' என்று ஒருவர் சொன்னால் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்குகிறது என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. 'அவர் டாக்டர் ஆனார்' என்பதை 'ஹி காட் எ டாக்டர்' என்று சொன்னால், அவர் ஒரு டாக்டரைக் கூட்டி வந்தார் என்று ஆகிவிடும். டாக்டர் என்பது பெயர்ச்சொல் என்பதால் படி 2-இல் சொன்ன பொருள் வந்துவிடுகிறது. தொழில், பதவி ஆகியவற்றுக்கு 'பிகேம்' தான் போட வேண்டும்.

படி 4: அடுத்து இடம் வந்தால்

'வீ காட் டு மதுரை அட் ஃபைவ்' என்றால் ஐந்து மணிக்கு மதுரை போய்ச் சேர்ந்தோம். வழி கேட்கவும் இதுவே: 'ஹௌ டூ ஐ கெட் டு எக்மோர்?' ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் 'டு' வராது. 'ஐ காட் ஹோம் லேட்' என்பதே சரி. 'கெட்' இடத்தில் 'ரீச்' போட்டாலும் 'டு' கூடாது. 'ரீச்ட் சென்னை' போதும்.

படி 5: பொருளும் அதன் பின் வினையின் மூன்றாம் வடிவமும் வந்தால்

மற்ற படிகளைவிட இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். 'முடி வெட்டினேன்', 'வண்டியை சர்வீஸ் பண்ணினேன்', 'பல்லைப் பிடுங்கிட்டேன்' என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். வேலையைச் செய்தது வேறொருவர் என்பது கேட்பவருக்குத் தெரியும். அதை அப்படியே 'ஐ கட் மை ஹேர்' என்று சொன்னால் ஆங்கிலத்தில் நீங்களே கத்தரியை எடுத்து வெட்டிக்கொண்டதாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். பல் விஷயத்தில் கேட்பவர் பதறியே போவார்.

சரியான வரிசை: கெட், பொருள், மூன்றாம் வடிவம். 'ஐ காட் மை ஹேர் கட்.' 'ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்.' 'ஐ காட் மை டூத் புல்ட் அவுட்.' வரிசை மாறி 'ஐ காட் கட் மை ஹேர்' என்று வந்தால் வாக்கியமே உடைந்துவிடும்.

யாரைக்கொண்டு செய்தீர்கள் என்றும் சொல்ல வேண்டுமானால் ஆளை முன்னால் வைத்து 'டு' சேர்க்க வேண்டும்: 'ஐ காட் ஹிம் டு சைன்', அவரைச் சம்மதிக்க வைத்துக் கையெழுத்து வாங்கினேன். 'மேக்' போட்டால் 'டு' வராது, கட்டாயப்படுத்திய தொனியும் சேரும்: 'ஐ மேட் ஹிம் சைன்.'

நடுவில் பொருள் இல்லாமல் மூன்றாம் வடிவம் நேரே வந்தால், நமக்கே ஏதோ நேர்ந்தது என்று பொருள்: காட் லாஸ்ட், காட் ஹர்ட், காட் மேரிட். கல்யாணத்துக்கு 'வித்' சேர்க்காதீர்கள். 'ஷி காட் மேரிட் டு ஹிம்' அல்லது 'ஷி மேரிட் ஹிம்'.

படி 6: 'டு' போட்டு வினை வந்தால்

'ஐ காட் டு மீட் தி கலெக்டர்' என்றால் கலெக்டரைச் சந்திக்க வாய்ப்பு கிடைத்தது. நடுவில் 'ஹாவ்' சேர்த்து 'ஐ ஹாவ் காட் டு மீட் தி கலெக்டர்' என்றால் சந்தித்தே ஆக வேண்டும். பேச்சில் இந்த 'ஹாவ்' வெறும் 'வ்' ஒலியாகச் சுருங்கிவிடும். காதைத் தீட்டிக் கேளுங்கள்.

படி 7: ஒட்டி வரும் சிறு சொற்கள்

பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு இந்தியாவில் 'கெட் டவுன்' என்கிறோம், இங்கே யாருக்கும் புரியும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'கெட் ஆஃப்' என்பார்கள். உள்ளே எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானத்துக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து ஏறி உட்காரும் கார், டாக்ஸிக்கு 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'.

'வேக் அப்' என்பது விழிப்பு வருவது, 'கெட் அப்' என்பது படுக்கையை விட்டு எழுவது. 'கெட் ஓவர்' நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. 'கெட் அலாங் வித்' ஒருவரோடு ஒத்துப்போவது. முதல் மாதத்துக்கு இவை போதும்.

'புரிகிறதா?' என்பதற்கு 'ஆர் யூ கெட்டிங் மீ?' என்பது நம் ஊர் வழக்கம். வெளிநாட்டில் அது விசித்திரமாகக் கேட்கும். 'டூ யூ கெட் வாட் ஐ மீன்?' என்று கேளுங்கள். புரிந்துவிட்டது என்பதற்கு 'காட் இட்'.

படி 8: மாற்றுச் சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

'கெட்' பேச்சுக்கும் நண்பர்களுக்கான மெசேஜுக்கும் ஏற்றது. விண்ணப்பம், அலுவலகக் கடிதம், தேர்வுக் கட்டுரை ஆகியவற்றில் குறிப்பான சொல்லைப் போடுவது நல்லது. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கக் கூடாது.

தானாக வந்து சேர்ந்ததற்கு 'ரிசீவ்'. முயன்று, முறைப்படி பெற்றதற்கு 'அப்டெய்ன்': அனுமதி, சான்றிதழ், தகவல். நண்பரின் கடிதத்துக்கு 'அப்டெய்ன்ட்' போட்டால், அதை எங்கிருந்தோ பாடுபட்டு வரவழைத்தது போலிருக்கும். காலப்போக்கில் சேர்வதற்கு 'அக்வயர்': திறமை, நிலம், சொத்து. உழைப்புக்குப் பலனாக வருவதற்கு 'அர்ன்': சம்பளம், மரியாதை. 'ஆகு' என்ற பொருளுக்கு 'பிகம்', போய் எடுத்து வருவதற்கு 'ஃபெட்ச்', புரிவதற்கு 'அண்டர்ஸ்டாண்ட்'.

படி 9: சோதித்துப் பாருங்கள்

விடையைக் கையால் மூடிக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்றில் 'கெட்' வராது.

மழையில் நனைந்துவிட்டேன்: ஐ காட் வெட் இன் தி ரெய்ன்.

செல்போனைக் கடையில் கொடுத்து ரிப்பேர் செய்தேன்: ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்குங்கள்: கெட் ஆஃப் அட் தி நெக்ஸ்ட் ஸ்டாப்.

அவள் வக்கீல் ஆனாள்: ஷி பிகேம் எ லாயர்.

அவரோடு பேச வாய்ப்பு கிடைத்தது: ஐ காட் டு டாக் டு ஹிம்.

நான்காவதில் 'ஷி காட் எ லாயர்' என்று சொல்லியிருந்தால், அவள் தனக்கு ஒரு வக்கீல் வைத்துக்கொண்டாள் என்று ஆகியிருக்கும். படி 3-ஐ இன்னொரு முறை பாருங்கள்.