கிளட்ச் சில நேரம் மட்டும் மக்கர் பண்ணுதா?

காலையில் நன்றாக இருக்கும் கிளட்ச், டிராஃபிக்கில் வண்டி சூடானதும் கியர் விழ அடம்பிடிக்கும். மெக்கானிக்கிடம் போனால் ஒழுங்காக வேலை செய்யும்! உடனே கிளட்ச் பிளேட்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் ஆயில் பிரஷரில் இயங்குவது) என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

தொல்லை கொடுக்கும் அந்த நேரத்திலேயே பெடலை நாலைந்து முறை வேகமாக மிதியுங்கள். கியர் விழுந்தால் ஆயில் போகும் லைனில் காற்று இருக்கலாம், அல்லது பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் தேய்ந்திருக்கலாம். அடுத்து, சமதளத்தில், முன்னால் ஆளில்லாத இடத்தில், இன்ஜின் ஓடும்போதே முதல் கியர் போட்டுக் கிளட்சை முழுதாக மிதித்தபடி ஒரு நிமிடம் இருங்கள். வலது கால் பிரேக்குக்குத் தயாராக இருக்கட்டும். வண்டி மெல்ல நகரப் பார்த்தால் பிரஷர் உள்ளுக்குள்ளேயே கசியலாம். ஆயில் அளவு குறையாமலே இது நடக்கும், அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

அளவு குறைந்தால் ஒழுக்கு வெளியே இருக்கலாம். பெடலுக்கு மேலே புஷ்ராடு (பெடலோடு இணைந்த கம்பி) நுழையும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் மாஸ்டர் சிலிண்டர். கியர்பாக்ஸ் பக்கம் ஈரம் என்றால், அந்த முனையில் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர்.

பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டுகூட வேண்டாம், ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும்.