ஊருக்குப் போகுமுன் பழைய ரேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கடை போர்டு மலையாளத்துக்கு மாறும், பேச்சு மாறாது. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. எங்கள் ஊர் அங்கேதான். பெயர் வேண்டாம், மறுபடி போக வேண்டியிருக்கிறது. மலேசியாவின் கிள்ளானிலிருந்து இரண்டு வாரம் என்று கிளம்பிப் போனேன், ஐந்து வாரம் ஆனது. அதில் மூன்று வாரத்தைத் தின்றது 1966-ஆம் வருஷத்து ரூபாய் மதிப்பு.

முதலில் சில்லறை விஷயங்கள். பணத்தைக் கோயம்புத்தூரிலேயே மாற்றிவிடுங்கள். உக்கடத்தில் பஸ் ஏறிய பிறகு ரிங்கிட்டை வாங்க ஆள் தேட முடியாது. செய்தியில் வரும் ரேட் வேறு, நோட்டாக நீட்டினால் கிடைக்கும் ரேட் வேறு. 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நோட்டு வைத்திருந்தால் கஸ்டம்ஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். வங்கி வழியாக அனுப்பினால், அன்றைய ரேட் அச்சடித்த சீட்டை வாங்கி, வாங்கினவருடைய பேரன் தலையெடுக்கும்வரை பத்திரப்படுத்துங்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

நிலம் இருந்தால் வில்லேஜ் ஆபீஸ் உண்டு. அங்கே நிலவரிக்குக் ‘கரம்’, பட்டா மாற்றத்துக்குப் ‘போக்குவரவு’. "ஆதாரம் எங்கே?" என்று கேட்டார்கள். நான் மலேசியக்காரன், எனக்கு ஆதார் இல்லை என்றேன். அவர்கள் கேட்டது பத்திரம். ஒரு நாள் போனது. மனுவைத் தமிழில் கொடுக்கலாம். தமிழர் மிகுந்த பகுதிகளில் அதற்கு 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் கொடுக்கிறது. இது தெரியாமல் மலையாளத்தில் எழுத ஆள் தேடி இன்னொரு நாள் போனது.

பத்திரம் அப்பா பேரிலும் பெரியப்பா பேரிலும் கூட்டாக இருந்தது. இருவரும் இல்லை. பாகம் பிரிக்க அண்ணன், அதாவது பெரியப்பா மகன், கையெழுத்துப் போட வேண்டும். அவர் உள்ளே போய்க் கடுதாசிக் கம்பியை எடுத்து வந்தார். அதிலிருந்து ஒரு நீல ஏரோகிராமை உருவி என் முன்னால் விரித்தார். அப்பாவின் கையெழுத்து. 1966 மே மாதம். "என் பங்கு 1,555 ரூபாயைத் தாங்கள் கொடுத்துவிடவும். நான் 1000 வெள்ளி அனுப்பிவைக்கிறேன்." கம்பி குத்திய ஓட்டை 1000-இன் கடைசிச் சுழிக்குள் சரியாக விழுந்திருந்தது.

"ஆயிரம்னு எழுதியிருக்காரு பாரு தம்பி. வந்தது 635. மீதி 365 வெள்ளி எங்கே?"

பக்கத்தில் இருந்த அண்ணன் மகன் அதுவரை வெள்ளிக்கட்டி என்றே நினைத்திருந்தானாம். எங்களுக்கு டாலரும் வெள்ளிதான், ரிங்கிட்டும் வெள்ளிதான் என்று விளக்கினேன்.

அந்தக் காலக் கணக்குக்கு அட்டவணை தேட வேண்டாம், நடுவில் பவுண்டை வைத்தால் போதும். பவுண்டுக்கு அப்போது 240 பென்ஸ். ஒரு ரூபாய் 18 பென்ஸ், ஒரு மலாயா வெள்ளி 28 பென்ஸ். இருபத்தெட்டைப் பதினெட்டால் வகுத்தால் 1.555 ரூபாய். வருஷக்கணக்கில் அசையாமல் நின்ற ரேட் அது. 1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு ரூபாயின் மதிப்பை 36.5 சதவீதம் குறைத்தது. அமெரிக்க டாலர் 4.76-லிருந்து 7.50 ஆனது, பவுண்டு 13.33-லிருந்து 21. வெள்ளியும் 2.45 ரூபாய் ஆகிவிட்டது. அப்பா ஜூலையில் அனுப்பினார். 1,555 ரூபாய்க்கு 635 வெள்ளி போதும். ரூபாயில் பார்த்தால் ஒரு காசு குறையவில்லை, வெள்ளியில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. எந்த நாணயத்தில் வாக்குக் கொடுத்தார் என்பதுதான் வழக்கு. கடிதத்தில் இரண்டும் இருக்கிறது.

அதற்குப் பிந்திய கணக்கு உங்களுக்கு இருந்தால் கவனம். 1967 ஜூனில் மலேசியா தனி நாணயம் வெளியிட்டது. நவம்பரில் பவுண்டு இறங்கியபோது பழைய மலாயா நோட்டும் கூடவே இறங்கி, நூறுக்கு 85 ஆனது, புதியது இறங்கவில்லை. 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிவைத்திருந்தார்கள், அந்த வருஷங்களுக்கு ரூபாய்ப் பக்கம் மட்டும் பார்த்தால் போதும்.

365-ஐ இன்றைய ரேட்டில் தருகிறேன் என்றேன், சில ஆயிரம்தான். அண்ணன் சிரித்தார். அன்றைக்கு அது 894 ரூபாய், பத்துப் பவுனுக்குக் குறையாது, பவுனாகக் கொடு என்றார். வேறு யாராவது கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பேன். ஆனால் அறுபது வருஷம் கரம் கட்டினதும், தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினதும், பாட்டிக்குக் கொள்ளி வைத்ததும் அந்த வீடு. நாங்கள் தந்தி வந்து மூன்றாம் நாள் அழுதோம்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, அந்த ஆடி மாதம் வீட்டுக்கு ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தையல் மெஷின் அப்பதான் வந்துச்சு" என்றார். என் பள்ளிக்கூடச் சட்டை முழுக்க அதில் தைத்தது. "அவங்க கேக்கறதக் குடுத்துட்டு வா."

பத்துப் பவுன் நாலு பவுனாகி, அதுவும் கடைசியில் அண்ணன் பேத்தி படிப்புக்கு ஒரு லட்சம் என்று முடிந்தது. பத்திரம் பதியும் நாளில் சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் அண்ணன் கையை நீட்டினார். "அந்த 365-ஐ மட்டும் வெள்ளியாவே குடுத்துரு தம்பி." என்னிடம் இருந்தது 350. மீதி பதினைந்தைக் கிள்ளானிலிருந்து கடிதத்தில் வைத்து அனுப்பச் சொன்னார். நோட்டைத் தபாலில் வைக்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஐந்தும் பத்துமாகச் சில்லறை ரிங்கிட் கொஞ்சம் கையோடு கொண்டுபோங்கள்.