ஜப்பான்ல குளிக்கிறதுலயும் டாக்டர்ட்ட போறதுலயும் நம்மாளுங்க பண்ற தப்புங்க

ஜப்பான் வர்றதுக்கு முன்னாடி குப்பை பிரிக்கிறது, ட்ரெயின்ல போன் பேசக்கூடாதுன்றது எல்லாம் வீடியோ பாத்து கத்துக்கிட்டு வந்துடுறோம், ஆனா உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்துலதான் நல்லா சொதப்புவோம். இங்க தப்பு பண்ணா யாரும் திட்ட மாட்டாங்க, லேசா சிரிச்சிட்டு விட்டுருவாங்க, அதனால தப்புன்னே தெரியாம வருஷக்கணக்கா ஓட்டலாம். நான் ஓட்டிருக்கேன்.

பெரிய சொதப்பல் குளியல்தான். தொட்டிய பாத்ததும் சோப்போட உள்ள இறங்கிடாதீங்க. இங்க தொட்டி அழுக்கு போக்குறதுக்கு இல்ல, வெளிய சின்ன ஸ்டூல்ல உக்காந்து தேச்சு கழுவி நுரை எல்லாம் போனப்புறம் சுடுதண்ணில சும்மா ஊறுறதுக்கு. வீட்டுல எல்லாரும் அதே தண்ணிலதான் மாத்தி மாத்தி இறங்குவாங்க. இது தெரியாம ஒரு நண்பர் வீட்டுல தங்குனப்ப, விருந்தாளின்னு என்னயதான் முதல்ல அனுப்புனாங்க, நானும் ஊறி முடிச்சிட்டு நம்ம குளிச்ச தண்ணில இன்னொருத்தர் குளிக்கிறதாவதுன்னு நல்ல எண்ணத்துல அடைப்பானை உருவி விட்டுட்டேன். மொத்த குடும்பமும் மறுபடி தொட்டி ரொம்புறதுக்கு காத்திருந்துச்சு, ஒரு வார்த்தை சொல்லல. முடிச்சதும் தண்ணிய அப்படியே விட்டு மூடிய போட்டு மூடிட்டு வரணும், அவ்ளோதான்.

ஒன்சென், அதாவது பொது வெந்நீர் ஊற்று குளியலுக்கு போனாலும் அதே கதைதான், கூடுதலா அங்க துணியே கிடையாது. ஜட்டியோட வரலாமான்னு கேக்காதீங்க, ஆம்பள பொம்பளைக்கு பெரும்பாலும் தனித்தனி இடம், கூச்சம் எல்லாம் அஞ்சு நிமிஷத்துல போயிரும். கையில இருக்குற சின்ன துண்ட தண்ணில முக்கக்கூடாது, அதனாலதான் எல்லாரும் தலைல மடிச்சு வச்சிருக்காங்க. நீளமான முடி இருந்தா தூக்கி கட்டிக்கோங்க. டாட்டூ இருந்தா நிறைய இடத்துல விட மாட்டாங்க, நீங்க குலதெய்வம் பேர பச்சை குத்திருந்தாலும் சரி, அதனால போறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

அடுத்து மருந்து. ஊர்ல இருந்து கிளம்பும்போது அம்மா ஒரு பை நிறைய மாத்திரை கட்டி குடுப்பாங்க, அத அப்படியே கொண்டு வராதீங்க. டாக்டர் எழுதிக்குடுக்குற மருந்துன்னா ஒரு மாசத்துக்கானது வரைக்கும்தான், அதுக்கு மேலன்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல இருக்குற சளி மாத்திரைய கொண்டு வரவே கூடாது, நமக்கு அது சாதாரண மூக்கடைப்பு மாத்திரைதான், இங்க சட்டப்படி குத்தம்.

சளி காய்ச்சல்னா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுற பழக்கத்தயும் விட்டுருங்க. 2022 அக்டோபர்ல இருந்து வேற டாக்டர் எழுதிக்குடுக்குற ரெஃபரல் லெட்டர் இல்லாம குறிப்பிட்ட பெரிய ஆஸ்பத்திரிங்களுக்கு முதல் தடவை போனா, பாக்குற ஃபீஸ் போக தனியா குறைஞ்சது 7000 யென் கட்டணும், எமர்ஜென்சி மாதிரி சிலதுக்கு விலக்கு உண்டு. பக்கத்து கிளினிக்குக்கு போங்க, இன்சூரன்ஸ் இருந்தா பெரும்பாலானவங்களுக்கு பில்லுல 30 சதவீதம்தான் நம்ம பங்கு. டாக்டர் குடுக்குற சீட்டு எழுதுன நாளையும் சேத்து 4 நாள்தான் செல்லும், லீவு நாளும் அதுல கணக்கு, பழைய சீட்ட காட்டி மாத்திரை வாங்குற நம்ம வித்தை எல்லாம் இங்க வேகாது. பார்மசில மருந்து நோட்டு ஒண்ணு தருவாங்க, என்னென்ன மருந்து சாப்பிடுறோம்னு எல்லாம் அதுல ஸ்டிக்கரா ஒட்டிருக்கும், எங்க போனாலும் எடுத்துட்டு போங்க. நான் மூணு நோட்டு வச்சிருந்தேன், மூணும் பாதி பாதி, ஒண்ணுத்துக்கும் உதவல.

முதுகு வலின்னு போனா மாத்திரையோட ஒட்டுற பட்டையும் தாராளமா தருவாங்க. அதுல கீட்டோப்ரோஃபென்ற வலி மருந்து இருந்தா ஒட்டுன இடத்துல வெயில் படக்கூடாது, பட்டைய எடுத்தப்புறமும் 4 வாரத்துக்கு அந்த இடத்த மூடியே வைக்கணும், இல்லன்னா தோல் கொப்பளிச்சிரும். முதுகுன்னா பரவால்ல சட்டை மறைச்சிரும், முழங்கைல ஒட்டிட்டு அரைக்கை சட்டையோட சைக்கிள் ஓட்டுறவங்கதான் மாட்டுவாங்க.