ஜெப ஆலயத்துக்கு அழைப்பு வந்தால்: பிள்ளைகளிடம் போகும் யாழ்ப்பாணத்தவருக்கு

யாழ்ப்பாணத்தில் யூதர் வழிபடும் ஜெப ஆலயம் இல்லை. 1905இல் இங்கே அரச சேவைக்கு வந்த லெனாட் வூல்ஃப் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போகும் அம்மா, அப்பாமாருக்கு அங்கே யூதர்கள் அயலவர்கள். பேரனின் வகுப்புத் தோழனுக்கு 13 வயதாகிறது, 'பார் மிட்ஸ்வா'வுக்கு (யூதப் பையன் பெரியவனாகும் சடங்குக்கு) வாருங்கள் என்று அழைப்பிதழ் வருகிறது. போக ஆசைப்பட்டும், என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

வாசல்தான் முதற் சோதனை. கோயிலுக்குப் போவதுபோல நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது. கடவுச்சீட்டில் உள்ளபடி உங்கள் பெயரை அழைத்த குடும்பத்திடம் இரண்டு கிழமைக்கு முன்பே கொடுத்து, ஆலய அலுவலகத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். அழைப்பில்லாமல் பார்க்க மட்டும் போக விரும்பினால் அலுவலகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதி, பதில் வந்த பிறகு போங்கள். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். பெரிய பை, முதுகுப்பை வேண்டாம். காவலில் நிற்பவர் "யார் அழைத்தது? இன்றைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பார். நேராக, சுருக்கமாகச் சொன்னால் போதும். கடைசி நேரத்தில் மச்சானையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பட்டியலில் பெயர் இல்லாதவரைத் திருப்பி அனுப்புவார்கள், அழைத்த குடும்பத்துக்கும் அது சங்கடம். நம்மவர் அதிகம் செய்யும் இன்னொரு பிழை, பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இங்கே அந்த மரியாதையைச் செய்யக்கூடாது. உங்கள் பின்னே கதவு மூடப்படவேண்டும். வாசலையும் கமராக்களையும் படமெடுக்கவும் கூடாது, இருக்கும் இடத்தை முகநூலில் போடவும் கூடாது.

இந்தக் கெடுபிடி ஏன் என்று தெரிந்தால் கோபம் வராது. 2018 ஒக்ரோபர் 27 அன்று பிற்ஸ்பேர்க் நகரின் ஜெப ஆலயத்தில், சனிக்கிழமை வழிபாட்டில் இருந்த 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஒக்ரோபர் 9, யோம் கிப்பூர் நோன்பு நாளில், ஜேர்மனியின் ஹாலே நகரில் ஒருவன் துப்பாக்கியோடு வந்தான். ஆலயத்தின் பூட்டிய கதவு உடைபடவில்லை, உள்ளே இருந்த ஐம்பதுக்கு மேற்பட்டோர் தப்பினார்கள், வெளியே இருவர் கொல்லப்பட்டார்கள். 2022 ஜனவரி 15 அன்று ரெக்ஸாஸின் கொலிவில்லில் குளிருக்கு ஒதுங்க வந்தவர் என்று நினைத்து ராபி (யூத மதகுரு) தேநீர் போட்டுக் கொடுத்த மனிதனே நான்கு பேரைப் பணயம் பிடித்தான். 2025 ஒக்ரோபர் 2, மீண்டும் யோம் கிப்பூர், மான்செஸ்ரரில் ஒருவன் காரால் மோதியும் கத்தியால் குத்தியும் தாக்கினான். உள்ளிருந்தவர்கள் கதவை அடைத்துப் பிடித்தார்கள், அன்று ஆலயத்தார் இருவர் இறந்தார்கள். வாசலில் உங்களை மறித்துக் கேட்பவர் பெரும்பாலும் அந்தச் சபையின் ஓர் ஆசிரியரோ கணக்காளரோதான், முறை வைத்துக் காவல் நிற்பவர். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு நம் தேவாலய வாசல்களில் பங்கு மக்கள் பைகளைப் பார்த்தார்களே, அதே நிலைதான். சோதனைச் சாவடியில் நம் மனம் எப்படிச் சுருங்கும் என்பது நமக்குத் தெரியும். இது அந்தச் சாவடி அல்ல. தம் உயிரைத் தாமே காக்கிறவர்களின் வாசல்.

உடுப்பு. ஆண்களுக்குக் கொலர் வைத்த சட்டையும் நீளக் காற்சட்டையும். நல்லூரில் சட்டையைக் கழற்றிவிட்டுப் போகும் நாம் இங்கே தலையை மூடவேண்டும். வாசலில் கூடையில் 'கிப்பா' என்ற சிறு தொப்பி இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சம் தொங்கும் 'தாலித்' சால்வை யூதருக்கு மட்டுமானது, அதை எடுக்கவேண்டாம். பெண்களுக்குச் சீலை நல்லது, இடுப்பும் தோளும் மூடியிருந்தால் போதும். சப்பாத்தைக் கழற்றத் தேவையில்லை (கொச்சியில் 1568இல் கட்டிய பரதேசி ஆலயத்தில் கழற்றுவார்கள், அது அந்த ஊர் வழக்கம்). ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்: ஸ்வஸ்திகம் உள்ள பதக்கம், மோதிரம், பை. நமக்கு அது மங்கலச் சின்னம். அங்கே அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு அது தன் குடும்பத்தைக் கொன்றவர்களின் கொடி. விளக்கம் சொல்ல வாசல் இடமல்ல.

சனிக்கிழமை என்றால் 'ஷபாத்', யூதரின் ஓய்வுநாள். வெள்ளி சூரிய அஸ்தமனத்துக்குச் சற்று முன் தொடங்கி, சனி இருட்டும் வரை ஏறத்தாழ 25 மணித்தியாலம். மரபை இறுக்கமாகப் பிடிக்கும் 'ஓர்த்தடொக்ஸ்' ஆலயத்தில் அந்த நேரத்தில் போன், பேனை, காசு எதையும் கையில் எடுக்கமாட்டார்கள். போனை நிறுத்திப் பைக்குள் வையுங்கள். கழிவறைக்குப் போய்வரும்போது பழக்கதோஷத்தில் விளக்கை அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் இரவு வரை அவர்கள் யாரும் அதைப் போடமாட்டார்கள். அன்பளிப்புக் காசை அன்று கொடுக்கக்கூடாது, வேறு நாளில் வீட்டுக்கு அனுப்புங்கள். நாம் 101, 1001 என்று ஒன்று சேர்ப்பதுபோல அவர்கள் 18இன் மடங்கில் கொடுப்பார்கள், 54, 90, 180 என்று. உயிர் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும்.

உள்ளே ஓர்த்தடொக்ஸ் ஆலயத்தில் ஆண், பெண் வேறாக இருப்பார்கள், சீர்திருத்த ஆலயங்களில் ஒன்றாக. பின்வரிசையில் கேட்டுவிட்டு இருங்கள், முன் இருக்கைகள் பலவற்றுக்கு நெடுநாள் உரித்தாளர் உண்டு. வழிபாட்டு நூல் வலமிருந்து இடமாகத் திறக்கும். அதை நிலத்தில் வைக்கக்கூடாது. விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள், நாம் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல. பேழை திறக்கும்போது எல்லோரும் எழும்புவார்கள், நீங்களும் எழும்புங்கள். உள்ளே இருப்பது தோலில் கையால் எழுதிய தோரா என்ற யூத வேதத்தின் சுருள், 304,805 எழுத்துகள். எழுத்தை விரலால் தொடமாட்டார்கள், கை வடிவக் கோலால் காட்டி வாசிப்பார்கள். சுருள் உங்களைக் கடந்து போகும்போது மற்றவர்கள் தொட்டு முத்தமிட்டாலும் நீங்கள் எழுந்து நின்றால் போதும். கால்களைச் சேர்த்து எல்லோரும் மௌனமாக நிற்கும் நேரம் ஒன்று வரும். அப்போது அவர்கள் முன்னால் நடக்கவேண்டாம். வளர்ந்த யூதர் பத்துப் பேர் கூடினால்தான் சில மந்திரங்களைச் சொல்லலாம். விருந்தினர் அந்தக் கணக்கில் வரமாட்டார், அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. கையில் யாராவது மென்மையான இனிப்பைத் தந்தால் உடனே வாயில் போடாதீர்கள். பையன் வாசித்து முடித்ததும் அவன்மேல் மெதுவாக எறிவதற்கு அது.

சாப்பாட்டில்தான் நம் அன்பு தடுக்கி விழும். வடையோ பலகாரமோ கட்டிக்கொண்டு போகவேண்டாம். எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், நம் அடுப்பும் சட்டியும் 'கோஷர்' அல்ல, அதாவது யூத உணவு விதிக்கு உட்பட்டவை அல்ல. மீனென்றால் செதிலும் செட்டையும் இருக்கவேண்டும். ஆகவே நண்டு, இறால், கணவாய் இல்லை, நம் ஒடியற்கூழும் இல்லை. இறைச்சியையும் பாலையும் சேர்க்கமாட்டார்கள். வெட்டாத முழுப் பழம் நல்லது, அதையும் வெள்ளி பகலுக்குள் கொடுத்துவிடுங்கள். வழிபாட்டுக்குப் பின் வைனுக்கும் ரொட்டிக்கும் ஆசி சொல்லும்வரை எதையும் தொடாமல் நில்லுங்கள். திறந்த வைன் போத்தலை எடுத்து நீங்களே ஊற்றவேண்டாம். "ஷபாத் ஷாலோம்" (அமைதியான ஷபாத்) என்று வாழ்த்தினால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எதிர்ப்பாலாருக்குக் கைகொடுக்கத் தயங்கும் இடங்களில் நம் கைகூப்பல் சரியாகப் பொருந்தும்.

செத்தவீட்டுக்கு அழைப்பு வராது, செய்திதான் வரும். அடக்கம் விரைவில் முடியும், பிறகு ஏழு நாள் 'ஷிவா' என்ற துக்கம் காத்தல். பூ கொண்டு போகாதீர்கள். துக்கத்தில் இருப்பவர் தாழ்ந்த இருக்கையில் இருப்பார். அவர் கதைக்கும் வரை நீங்கள் கதைக்கவேண்டாம்.

கதைப்பது பற்றி நீளமாகவே சொல்லவேண்டும். "யூதர் கெட்டிக்காரர், காசுக்காரர், உலக வங்கியெல்லாம் அவர்கள் கையில்" என்று நம்மவர் புகழ்ச்சியாகச் சொல்வதுண்டு. அந்தப் புகழ்ச்சியின் வேர் ஒரு பொய்யில் இருக்கிறது. யூதர் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லும் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' 1903இல் ரஷ்யாவில் அச்சான மோசடி. வேறொரு நூலிலிருந்து திருடி எழுதியது என்று 1921இல் லண்டன் ரைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. தமிழ் வட்ஸ்அப்பில் சுற்றுவது அதன் எச்சம்தான். ஹிட்லரை ஒழுங்கான நிர்வாகி என்று சொல்லும் பழக்கத்தையும் விடவேண்டும். அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டது அந்த நிர்வாகத்தால். கிறிஸ்தவக் குடும்பங்களில் பெரிய வெள்ளித் திருப்பாடுகளின் நாடகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் "இயேசுவைக் கொன்றவர்கள்" என்று சொல்லக்கூடும். அந்தப் பழியை யூத இனத்தின்மேல் போடக்கூடாது என்று வத்திக்கான் 1965 ஒக்ரோபர் 28இலேயே அறிவித்துவிட்டது.

காஸாவைப் பற்றி நம் மனம் கொதிப்பது நியாயம். முள்ளிவாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு அது கொதிக்காமல் இராது. இஸ்ரேலிய அரசைக் கண்டிப்பது யூத வெறுப்பு ஆகாது, ஆலயங்களுக்குள்ளேயே அதைப் பற்றி வாக்குவாதம் உண்டு. ஆனால் ரொறன்ரோவுக்கு அருகே தோர்ன்ஹில்லில் ரொட்டி பரிமாறும் பெரியவரிடம் "உங்கள் ஆட்கள் ஏன் இப்படி?" என்று கேட்டால், அவர் செய்யாததற்கு அவரைக் கூண்டில் ஏற்றுகிறோம். தமிழன் என்ற ஒரே காரணத்துக்காக எத்தனையோ தடவை பதில் சொல்ல நிறுத்தப்பட்டவர்கள் நாம். அவர் தானாகக் கதை எடுத்தால் கேளுங்கள், கேட்டால் உங்கள் எண்ணத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆலயச் சுவரில் யாராவது வெறுப்பு வாசகம் கீறியதைக் கண்டால் நீங்களாக அழிக்காதீர்கள், அது சான்று. உடனே ஆலய அலுவலகத்துக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள். பிரித்தானியாவில் சீ.எஸ்.ரி. என்ற சமூகப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கும் சொல்லலாம். படத்தைப் பரப்பவேண்டாம், கீறியவனுக்கு வேண்டியது அதுதான். பிறகு ஒரு சிறு கடிதம், தமிழிலும் மகனோ மகளோ மொழிபெயர்த்ததுமாக, உங்கள் வீட்டு விலாசத்தோடு எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். பெயரில்லாத கடிதங்கள் அங்கே பயத்தைத்தான் கொண்டுவரும்.